கட்லெட்டுக்குத் தொட்டுக்க ஒரு ஜப்பான் சாஸ்

நான் பெரிய சமையல்காரன் எல்லாம் இல்லை. வெந்நீர் நல்லா வைப்பேன், காபி சுமாரா போடுவேன். தங்கமணி அடுப்படியை விட்டு விரட்டாத நாட்களில் ஏதாவது எண்ணெயில் போட்டுப் பொரிப்பேன். அப்படிப் பொரித்துப் பழகியதில் ஒன்றுதான் ஜப்பான்காரர்களின் கொரொக்கே. பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மசித்த உருளைக்கிழங்கை உருட்டித் தட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தால் கொரொக்கே. நம்ம கட்லெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அவர்கள் முட்டையில் முக்குவார்கள். எங்கள் வீட்டில் அம்மா இருப்பதால் மைதா கரைசல்.

இதற்குத் தொட்டுக்கொள்ள கறுப்பா, கெட்டியா, புளிப்பும் இனிப்புமா ஒரு சாஸ் உண்டு. டொன்கட்ஸு சாஸ் என்பார்கள். ஒசாகாவில் மூணு வருஷம் வேலை பார்த்த மச்சான் ஊருக்கு வரும்போது ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். அது தீர்ந்துபோச்சு. சரி, வீட்டிலேயே செய்வோம் என்று தேடினால் ஊர் உலகம் பூரா ஒரே கணக்குதான் சொல்கிறது. தக்காளி கெட்சப் நாலு ஸ்பூன், வூஸ்டர்ஷயர் சாஸ் ரெண்டு ஸ்பூன், சோயா சாஸ் ஒரு ஸ்பூன், சர்க்கரை ஒரு ஸ்பூன். கலக்கினால் ஆச்சு.

கலக்கினேன். அருமையா வந்தது. அம்மா நாலு கொரொக்கே சாப்பிட்டார். "அந்தக் கறுப்புச் சட்னி இன்னும் கொஞ்சம் ஊத்துடா" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் அம்மா பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொட்டதில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ராத்திரி பாட்டிலை எடுத்து வைக்கும்போதுதான் சும்மா லேபிளைப் படித்தேன். பொடி எழுத்தில் இருந்தது: நெத்திலி.

அந்த பாட்டில் எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. அவர்கள் ஒழுங்காகத்தான் அச்சடித்திருக்கிறார்கள். படிக்காதது நான். தங்கமணி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. "அத்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால், மீன் எப்படி அந்த பாட்டிலுக்குள் வந்தது என்று தெரிந்துகொள்ளலாம் என்று ஆரம்பித்தேன். (சொல்வதைத் தள்ளிப்போட ஒரு சாக்கு என்று நீங்கள் நினைத்தால், அதுவும் சரிதான்.)

கதை இங்கிலாந்தில், செவர்ன் ஆற்றங்கரையில் இருக்கும் வூஸ்டர் ஊரில் தொடங்குகிறது. எழுத்தைப் பார்த்தால் வொர்செஸ்டர் என்றுதான் படிக்கத் தோன்றும். அந்த ஊர்க்காரர்கள் வாயில் பாதி எழுத்து வராது. அங்கே ஜான் லீ, வில்லியம் பெர்ரின்ஸ் என்று ரெண்டு மருந்துக்கடைக்காரர்கள். 1837 வாக்கில் ஒரு சாஸை விற்க ஆரம்பித்தார்கள். வங்காளத்தில் கவர்னராக இருந்த சாண்டிஸ் பிரபு இந்தியாவில் ருசித்ததைச் செய்துதரச் சொன்னார், செய்தது வாயில் வைக்க முடியவில்லை, பீப்பாயை நிலவறையில் போட்டு மறந்துவிட்டார்கள், பிறகு ஒருநாள் திறந்து பார்த்தால் அமிர்தம்! கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் வங்காள கவர்னர்கள் பட்டியலில் சாண்டிஸ் என்று யாருமே கிடையாது. விளம்பரத்துக்கு ஒரு பிரபு தேவைப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

கவர்னர் பொய்யாக இருந்தாலும் சாஸுக்குள் ஒரு இந்தியச் சாமான் நிஜமாகவே இருக்கிறது. புளி! வினிகர், வெல்லப்பாகு, உப்பு, வெங்காயம், பூண்டு, புளிக்கரைசல், உப்பில் ஊறிய நெத்திலி, இதெல்லாம் சேர்த்து ஊறவைத்து வடிகட்டியதுதான் வூஸ்டர்ஷயர் சாஸ். மீன் போட்டதிலும் ஆச்சரியம் இல்லை. கெட்சப் என்ற வார்த்தையே தென்சீன ஹொக்கியன் மொழியில் மீன் ஊறிய குழம்பைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. கீழ்த்திசைக் கடலில் வியாபாரத்துக்குப் போன ஆங்கிலேயர்கள் அந்த ருசியைப் பிடித்துக்கொண்டு, ஊரில் நெத்திலியையும் காளானையும் வைத்துப் போலி செய்து பார்த்தார்கள். தக்காளி அதில் வந்து உட்கார்ந்தது ரொம்பப் பின்னால்.

ஆக, மச்சான் "ஒரிஜினல் ஒரிஜினல்" என்று சொல்லிக்கொண்டிருந்த சாஸின் தாத்தாவே ஒரு போலி. இங்கேதான் எனக்குச் சுவாரசியம் பிடித்தது.

ஜப்பானுக்கு வருவோம். 675-ல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி இறைச்சி சாப்பிடக் கூடாது என்று உத்தரவு போட்டார். பௌத்தம் ஒரு காரணம், உழவு மாட்டைக் காப்பாற்றுவது இன்னொரு காரணம். அதற்காக எல்லோரும் விட்டுவிடவில்லை. ஆனால் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இறைச்சி என்பது கொஞ்சம் கூச்சத்தோடு சாப்பிடும் பொருளாகவே இருந்தது. 1872-ல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்று செய்தி வெளியிட்டு, மேற்கத்தியச் சாப்பாடு சாப்பிடுவதை நாட்டு முன்னேற்றத்தோடு சேர்த்துவிட்டார்கள். எண்ணெயில் பொரிப்பதை அவர்கள் அதற்கு முன்னாலேயே போர்த்துக்கீசியர்களிடம் கற்றிருந்தார்கள். டெம்புரா அப்படி வந்தது. (டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் தென்ட்ஸுயு வேறு சங்கதி. மீன் கருவாட்டுச் சீவலைக் கொதிக்கவைத்த நீரில் சோயா சாஸ் கலந்தது. சைவர்கள் அதையும் கவனிக்கவும்.) 1895-ல் டோக்கியோ கின்ஸாவில் தொடங்கிய ரெங்காதெய் என்ற உணவகம், பன்றி இறைச்சித் துண்டை ரொட்டித்தூளில் புரட்டி டெம்புரா மாதிரியே நிறைய எண்ணெயில் முக்கிப் பொரித்தது. பக்கத்தில் பச்சை முட்டைக்கோஸ். அதற்கு அவர்கள் வைத்த பெயர் கட்ஸுரெட்ஸு. பிரெஞ்சு வார்த்தை ஆங்கிலம் வழியாக ஜப்பானுக்குப் போய் கட்ஸு ஆச்சு, நமக்கு வந்து கட்லெட் ஆச்சு. அங்கே கட்ஸு என்றால் ஜெயிப்பது என்றும் அர்த்தம் வருவதால் பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகளுக்கு அதைச் செய்து போடுவார்களாம். நமக்கு ரயில் பயணத்தில் ஆறிப்போய் வரும் கட்லெட்தான் ஞாபகம் வருகிறது.

இந்தப் புதுச் சாப்பாட்டோடு வூஸ்டர்ஷயர் சாஸும் வந்து இறங்கியது. பார்க்கக் கறுப்பு, தண்ணியா இருக்கு, பாட்டிலில் வருது. ஜப்பான்காரர்கள் இதைப் பார்த்து எடுத்த முடிவு: ஓஹோ, இது வெள்ளைக்காரன் சோயா சாஸ்! அந்தத் தப்பான கணக்குதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை. இங்கிலாந்தில் இதை நாலு சொட்டு விடுவார்கள். ஜப்பானில் சோயா சாஸ் மாதிரி தாராளமாக ஊற்றினார்கள். அவ்வளவு காரசாரமான சரக்கைத் தாராளமாக ஊற்றினால் என்ன ஆகும்? நாக்கு எரியும். அதனால் சாஸை மாற்ற வேண்டி வந்தது.

முதலில் கை வைத்தவர்களில் ஒருவர்கள் சோயா சாஸ் தயாரிப்பாளர்களே. 1645-லிருந்து சிபா மாகாணத்தின் சோஷியில் தொழில் செய்யும் யமாசா, 1885-ல் மிகாடோ சாஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. புது ருசி சோயா என்றே பெயர் சொல்லி விற்றார்கள். ஓடவில்லை. சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள்.

இங்கே கொஞ்சம் தடம் மாறுகிறேன். யமாசா குடும்பத்தின் ஏழாம் தலைமுறைத் தலைவர் ஹமகுச்சி கோர்யோ. அதே 1885-ல் நியூயார்க்கில் இறந்தார். அவரைப் பற்றிப் படித்தபோது சாஸ் மறந்துபோச்சு. 1854 டிசம்பரில் அவருடைய சொந்த ஊரான ஹிரோ கிராமத்தில் (இன்றைய வகயமா மாகாணம்) பெரும் நிலநடுக்கம், தொடர்ந்து ஆழிப்பேரலை. இருட்டில் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஜனங்கள் தவிக்க, ஹமகுச்சி வயலில் இருந்த வைக்கோல் போர்களுக்கு வரிசையாகத் தீ வைத்தார். அந்த வெளிச்சத்தைப் பார்த்து மேட்டுக் கோயிலுக்கு ஓடியவர்கள் பிழைத்தார்கள். 1897-ல் லஃப்காடியோ ஹெர்ன் இந்தக் கதையை ஆங்கிலத்தில் எழுதினார். அதில் மலைமேல் வாழும் கிழவர் ஒருவர் தன் அறுவடை மொத்தத்தையும் எரிக்கிறார். நிஜத்தில் ஹமகுச்சிக்கு அப்போது 35 வயதுகூட ஆகவில்லை.

எனக்குப் பெரிசாகத் தெரிந்தது தீ வைத்தது இல்லை, அதற்கு அப்புறம் செய்தது. வீடும் படகும் போன ஜனங்கள் ஊரைவிட்டுப் போய்விடக் கூடாது என்று, தன் காசைப் போட்டு அவர்களையே கூலிக்கு வைத்து நாலு வருஷம் கடற்கரையில் கரை எழுப்பினார். சுமார் 600 மீட்டர் நீளம், 5 மீட்டர் உயரம். சோயா விற்ற காசு. அவர் போய்ச் சேர்ந்து அறுபது வருஷம் கழித்து, 1946-ல் மறுபடி அலை வந்தபோது அந்தக் கரை ஊரின் பெரும்பகுதியைக் காப்பாற்றியது. நவம்பர் 5-ஐ உலக ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாள் என்று ஐ.நா. சபை 2015-ல் அறிவித்ததே, அது இந்த ஹிரோ கிராமத்துச் சம்பவத்தின் பழைய ஜப்பானிய நாட்காட்டித் தேதி. 2004 டிசம்பர் 26-ஐ நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் பார்த்த நமக்கு இந்த ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு ஒரு சாஸ் பாட்டில் வழியாகத்தான் தெரிய வந்தது.

சரி, சாஸுக்கு வர்றேன்.

யமாசா விட்ட இடத்தில் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒசாகாவில் 1896-ல் இகாரி (நங்கூரம் என்று அர்த்தம்), டோக்கியோவில் 1902-ல் மளிகை மொத்த வியாபாரமாகத் தொடங்கி 1905-ல் சாஸ் பக்கம் வந்த புல்டாக், 1908-ல் தக்காளிக்காரர்களான ககோமே. நாய் படம் போட்டதற்குக் காரணம் இங்கிலாந்து வாசனை வரட்டும் என்பதுதான். உள்ளே இருந்தது மட்டும் மெதுவாக ஜப்பானாகிக்கொண்டே வந்தது. புளிப்புக்கும் இனிப்புக்கும் ஆப்பிள், தக்காளி, கேரட், வெங்காயம் என்று காய்கறி பழச் சாறு ஏறியது, காரம் இறங்கியது, நெத்திலி காணாமல் போனது. இன்றைக்கு ஜப்பான் அரசின் தர விதியில் வூஸ்டர் சாஸ் என்பதற்கு அடிப்படையே காய்கறி, பழச் சாறுதான். (உடனே கடைக்கு ஓடாதீர்கள். சில வகைகளில் மீன், இறைச்சிச் சாறு சேர்ப்பதுண்டு. பட்டவன் சொல்றேன், பொடி எழுத்தைப் படியுங்கள்.)

சாஸ் சல்லிசாக ஆனதும் அது ஏழைகளிடம் போனது. மாவைக் கரைத்துக் கல்லில் மெல்லிசாக ஊற்றி, கொஞ்சம் வெங்காயத்தாள் தூவி, மேலே சாஸ் தடவினால் அதற்குப் பெயர் இஸ்ஸென் யோஷொகு. ஒரு காசு மேற்கத்தியச் சாப்பாடு! நம்ம கோதுமை தோசைதான். சாஸ் ஒன்றைத் தவிர அதில் மேற்கு எங்கே இருக்கிறது? ஆனால் அந்த வாசனை போதும், பிள்ளைகளுக்கு அது வெள்ளைக்காரன் சாப்பாடு.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒசாகா உமெதாவில் நடந்த கதை. ஹான்க்யூ ரயில் கம்பெனியைக் கட்டிய கொபயாஷி இச்சிஸோ 1929-ல் ரயில் நிலையத்தோடு சேர்ந்தே ஒரு பல்பொருள் அங்காடி திறந்தார். மேல்மாடியில் சாப்பாட்டுக் கூடம். திறந்த கையோடு உலகப் பொருளாதார வீழ்ச்சி. வேலை போனவர்கள், அரைச் சம்பளக்காரர்கள் வந்து 5 சென் காசுக்கு வெறும் சோறு மட்டும் வாங்கி, மேஜைமேல் சும்மா வைத்திருக்கும் வூஸ்டர் சாஸை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதற்கு சாஸ் ரைஸ் என்பதைச் சுருக்கி ஸோரைஸ் என்று பெயரே வந்துவிட்டது. மற்ற கடைகளில் விரட்டினார்கள். ஹான்க்யூவிலும் உள்ளே இருந்தவர்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். கொபயாஷி என்ன செய்தார் தெரியுமா? வெறும் சோறு மட்டும் சாப்பிடும் வாடிக்கையாளர்களுக்கு நல்வரவு என்று அறிவிப்பு வைத்தார். சோற்றோடு ஊறுகாயும் வைக்கச் சொன்னார். இன்றைக்குக் கையில் காசில்லை, நாளைக்குக் கல்யாணம் ஆகும், பிள்ளைகுட்டிகளைக் கூட்டிக்கொண்டு இங்கேதான் வருவார்கள் என்பது அவர் கணக்கு. வியாபாரக் கணக்குதான், மறுக்கவில்லை. ஆனாலும் மெஸ்ஸில் ரெண்டாவது தடவை சாம்பார் கேட்டு முறைப்பு வாங்கியவன் என்ற முறையில், இந்த ஆளுக்கு என் வணக்கம் :-)

இதுவரை சொன்னதெல்லாம் தண்ணிச் சாஸ். கெட்டிச் சாஸ் போருக்குப் பின்னால் வந்தது. கோபேயில் ஆலிவர் என்ற நிறுவனம் 1948-ல் டொன்கட்ஸு சாஸ் என்ற பெயரிலேயே கெட்டியான ஒன்றைக் கொண்டுவந்தது. ஹிரோஷிமாவில் ஒதாஃபுகு என்ற கடை. 1922-ல் சோயாவும் சாராயமும் விற்கத் தொடங்கியது. 1945 ஆகஸ்ட் 6 குண்டில் போனதற்குப் பிறகு மறுபடி எழுந்து 1950-ல் சாஸ் போட ஆரம்பித்தார்கள். சாம்பல் மேட்டில் முளைத்த தள்ளுவண்டிக் கடைகளில் மாவும் முட்டைக்கோஸும் வைத்து ஒகொனொமியாகி சுட்டு விற்றார்கள். தண்ணிச் சாஸை ஊற்றினால் வழிந்து ஓடி கல்லில் பொசுங்குகிறது, வழியாத சாஸ் வேண்டும் என்றார்கள் கடைக்காரர்கள். 1952-ல் அவர்களுக்காகவே ஒரு கெட்டிச் சாஸ் வந்தது. பின்னாளில் ஒதாஃபுகுவின் இனிப்புக்குப் பேரீச்சம்பழம் சேர்ந்தது. புளிக்கு அரபு மொழியில் தமர் ஹிந்தி, அதாவது இந்தியப் பேரீச்சை. அதிலிருந்துதான் ஆங்கிலத்தில் டாமரிண்ட். இங்கிலாந்துக்காரன் இந்தியப் பேரீச்சையைப் போட்டான், ஜப்பான்காரன் நிஜப் பேரீச்சையைப் போட்டான். (புளிய மரத்தின் பூர்வீகமே ஆப்பிரிக்கா என்பது தனிக் கதை.)

தண்ணிச் சாஸ் ஒசாகாவில் இன்னும் ஆட்சி செய்கிறது. 1929-லிருந்து ஷின்செகாய் பகுதியில் இருக்கும் தாருமா மாதிரிக் கடைகளில், குச்சியில் குத்திப் பொரித்ததை எல்லோருக்கும் பொதுவான ஒரு பாத்திரச் சாஸில் முக்கிச் சாப்பிடுவார்கள். குஷிகட்ஸு என்று பெயர். சுவரில் பெரிசாக ஒரு விதி எழுதியிருக்கும்: ரெண்டாவது தடவை முக்காதே! நமக்கு விளக்கமே தேவையில்லை. கடித்ததை மறுபடி முக்கினால் எச்சில். சாஸ் பத்தவில்லை என்றால் கொடுத்திருக்கும் முட்டைக்கோஸ் இலையால் அள்ளி விட்டுக்கொள்ளலாம். எச்சில் என்ற ஒரே வார்த்தையில் நாம் முடிப்பதற்கு அவர்கள் பலகை எழுதி வைத்திருக்கிறார்கள். 2020-ல் கொரோனா வந்த பிறகு பல கடைகளில் பொதுப் பாத்திரத்தை எடுத்துவிட்டு பாட்டில் வைத்துவிட்டார்களாம். மச்சானுக்கு இதில் ரொம்ப வருத்தம்.

இவ்வளவும் படித்த பிறகு மறுபடி அடுப்பு பக்கம் போனேன். மீன் வேண்டாம், அதற்குப் பதில் என்ன போடலாம் என்ற கேள்விக்கு ஜப்பான்காரர்களே நூறு வருஷத்துக்கு முன்னால் பதில் சொல்லியிருக்கிறார்கள். புளி எங்கள் வீட்டு ஜாடியிலேயே இருக்கிறது.

பெரிய நெல்லிக்காய் அளவு புளியை ஊறவைத்துக் கரைத்துக்கொண்டேன். கொட்டை எடுத்த பேரீச்சை ஆறு, பாதி ஆப்பிள், பழுத்த தக்காளி ரெண்டு, ஒரு சின்ன வெங்காயம் இல்லை, ஒரு பெரிய வெங்காயத்தில் பாதி, கேரட் ஒரு துண்டு, பூண்டு ஒரு பல். எல்லாவற்றையும் ஒரு டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து, ஆறியதும் அரைத்து வடிகட்டினேன். வடிகட்டாமல் விட்டால் தொக்கு மாதிரி ஆகிவிடும், சாஸாகாது. அதோடு புளிக்கரைசல், சோயா சாஸ் மூணு ஸ்பூன், வினிகர் ரெண்டு ஸ்பூன், பொடித்த வெல்லம் ரெண்டு ஸ்பூன், மிளகுத்தூள் கால் ஸ்பூன். ரெண்டு கிராம்பும் ஒரு துண்டு பட்டையும் துணியில் முடிந்து போட்டேன். சிறு தீயில் இருபது நிமிஷம், கரண்டியின் பின்பக்கம் ஒட்டுகிற பதம் வரை. உப்பைக் கடைசியில் பார்த்துப் போடவும், சோயாவிலேயே நிறைய இருக்கும். செய்த அன்றைக்குப் புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தது. மறுநாள் அடங்கிவிட்டது.

மச்சானுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தேன். நக்கிப் பார்த்துவிட்டு, "மாப்ளே, நல்லாருக்கு. ஆனா ஒரிஜினல் இல்லை" என்றார். சாண்டிஸ் பிரபுவில் ஆரம்பித்து ஒரு முக்கால் மணி நேரம் பேசினேன். பாவம், காபி ஆறிப்போச்சு.

அம்மாவிடம் சொன்னது அதற்கு முந்தின வியாழக்கிழமை. சுற்றி வளைக்காமல், அன்றைக்கு ஊற்றிய சாஸில் மீன் இருந்தது, நான் பார்க்கவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "தெரியாமத்தானே செஞ்ச" என்றார். அப்புறம் எழுந்துபோய், அன்றைக்கு சாஸ் ஊற்றி வைத்திருந்த கிண்ணம் எது என்று கேட்டு, அதைத் தனியாக எடுத்து, புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். ரெண்டு நாள் நான் செய்த எதையும் சாப்பிடவில்லை. மூணாம் நாள் புதுச் சாஸ் கொதிக்கும்போது வந்து எட்டிப் பார்த்து, உள்ளே என்னென்ன போட்டாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். சோயா பாட்டிலையும் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பொடி எழுத்தை அவரே கடைசி வரி வரை படித்தார்.